முகக் குறிப்பை மறைக்கும் புகை

(ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டமொன்றில் அரசாங்க மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துக் களைத்து வீடு திரும்பியவர்கள் நீங்கள். ஓய்வெடுக்க வேண்டிய இம்மாலைப் பொழுதில் என் சொல்லைக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல், நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து என் உரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய மருத்துவ நிலையத்துக்குத் தாயொருவர் தம் மகனை அழைத்து வந்தார். அவனுக்கு வயது பத்தொன்பது. உடல் இளைத்திருந்தது, கண்கள் எங்கோ நிலைத்திருந்தன. அந்த அம்மையார் சொன்ன சொற்கள் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

"ஐயா, இவன் திருடவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தால் இவனுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. நேற்று இவனுடைய அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் என்று சேதி வந்தது. நான் பயந்து அழுதுகொண்டு நின்றேன். இவனோ என்னைப் பார்த்து, 'எதற்காக என்மேல் கோபப்படுகிறாய்?' என்று கத்தினான். அழுகிற முகம் எது, கோபிக்கிற முகம் எது என்று அறியாத பிள்ளையாக இவன் எப்போது ஆனான்?"

அப்பிள்ளை பல மாதங்களாகச் செயற்கைக் கஞ்சா கலந்த புகையை உட்கொண்டு வந்தான் என்பது பின்னர் தெரிந்தது. தாயின் கேள்விக்கு மருத்துவ அறிவு தரும் விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இப்பொருள் யாது?

கள்ளும் சம்சுவும் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். கஞ்சாவையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செயற்கைக் கஞ்சா என்பதோ செடியில் விளைவதன்று. இரசாயனக் கூடத்தில் உண்டாக்கப்படுவது.

கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளை 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான மெக்கோலமும் காவோனியும் பிரித்தெடுத்துக் காட்டினர். டி.எச்.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். அதன்பின்பு, மூளையில் அதைப்போலவே வேலை செய்யும் வேறு பொருள்களை ஆய்வாளர் பலர் உருவாக்கினர். வலி தீர்க்கும் மருந்து காண்பதும் மூளை இயங்கும் முறையை அறிவதுமே அவர்களுடைய நோக்கம். அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் ஹஃப்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் நானூறுக்கும் மேற்பட்ட பொருள்களை ஆய்வுக்காகச் செய்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் ஜே.டபிள்யூ.எச்-018.

நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட அப்பொருள் பணத்தாசை கொண்டோர் கைக்குப் போயிற்று. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நாடுகளில் 'ஸ்பைஸ்' என்னும் பெயரில் வண்ணப் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. மூலிகைத் தூபம் என்று அவற்றின்மேல் அச்சிட்டிருந்தனர். 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் அதைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. உள்ளே இருந்தது வெறும் காய்ந்த தழை; அதன்மேல் தெளிக்கப்பட்டிருந்ததோ ஜே.டபிள்யூ.எச்-018. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அப்பொருள் சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரு பொருளைத் தடை செய்தால், அதன் அமைப்பைச் சிறிது மாற்றி வேறொன்றைச் சந்தைக்குக் கொண்டுவருவது இவ்வியாபாரிகளின் தந்திரம்.

இன்று இது தழையாக மட்டும் வருவதில்லை. வேப் என்று இளைஞர்கள் அழைக்கும் மின் சிகரெட்டின் திரவத்திலும் கலக்கப்படுகிறது. நம் நாட்டிலும் போதைப்பொருள் கலந்த இத்தகைய திரவங்களை அண்மை ஆண்டுகளில் போலீசார் பலமுறை கைப்பற்றியுள்ளனர். பழ வாசனை வீசும். சிறு குழந்தையின் விளையாட்டுப் பொருளைப்போல் தோன்றும். உள்ளே இருப்பது இன்னதென்று வாங்குபவனுக்கும் தெரியாது. பெரும்பாலும் விற்பவனுக்கும் தெரியாது.

பூட்டும் சாவியும்

மூளையில் இது செய்யும் வேலையை ஓர் உவமையால் விளக்குகிறேன்.

நம் மூளையின் நரம்பணுக்களில் பூட்டுகளைப்போன்ற ஏற்பிகள் உள்ளன. அவற்றைத் திறக்கும் சாவிகளை நம் உடலே செய்துகொள்கிறது. அத்தகைய சாவியொன்றை 1992ஆம் ஆண்டில் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள், 'ஆனந்தம்' என்னும் சொல்லைக் கொண்டே அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். நமக்கு நன்கு பழக்கமான சொல் ஒரு விஞ்ஞானப் பெயரில் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். பசி, உறக்கம், நினைவு, அச்சம், மனநிலை ஆகியவற்றை அளவோடு வைத்திருக்க இச்சாவி உதவுகிறது. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் தோன்றி, வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறது.

செடிக் கஞ்சாவின் டி.எச்.சி. அப்பூட்டுக்குள் நுழைந்தாலும் அதைப் பாதியளவே திருப்புகிறது. அதுவும் தீங்கானதே. செயற்கைப் பொருள்களில் பெரும்பாலானவையோ பூட்டை முழுவதுமாகத் திருப்பிவிடுகின்றன. நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொள்வனவும் உண்டு.

மரம் வெட்டும் தொழிலை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. பட்டையை அளவறிந்து மெல்லியதாகச் சீவினால் மரம் பல ஆண்டுகள் பால் தரும். கத்தியை ஆழமாகப் பாய்ச்சினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வடியலாம். ஆனால் மரத்தில் காயம் பட்டுவிடும். அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. இச்செயற்கைப் போதை மூளையில் இடும் வெட்டும் அத்தகையதே.

இதன் வலிமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். 2016ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியில், ஒரே நாளில் 33 பேர் தெருவிலேயே செயலற்றுப் போயினர். வெறித்த பார்வையும் முனகலும் தவிர அவர்களிடம் வேறு அசைவு அதிகமில்லை. நடைப்பிணங்களைப்போல் இருந்தனர் என்று கண்டவர்கள் கூறினர். அவர்கள் உட்கொண்ட செயற்கைப் பொருள், செடிக் கஞ்சாவின் டி.எச்.சி.யைவிட ஏறக்குறைய 85 மடங்கு வலியது என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. தழையின்மேல் இரசாயனத்தைத் தெளிக்கும்போது அது எங்கும் சமமாகப் படிவதில்லை. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை சிறிது மயக்கத்தைத் தரும். அடுத்த சிட்டிகை உயிரையே பறிக்கலாம். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதை உட்கொண்ட 150க்கும் மேற்பட்டோர் இரத்தம் உறையாமல் கசியும் நிலைக்கு ஆளாயினர்; சிலர் இறந்தனர். அதில் புரோடிஃபாக்கூம் என்னும் எலி மருந்து கலந்திருந்தது. செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கொல்ல வைக்கும் மருந்து வகையைச் சேர்ந்தது அது. காசு கொடுத்து எலி மருந்தை வாங்கிப் புகைக்க எந்தப் பிள்ளை விரும்புவான்? ஆனால் அறியாமல் அதைத்தான் செய்தனர்.

நினைவும் கவனமும்

திடீரென்று வரும் ஆபத்தை எல்லாரும் காண்பர். மெல்ல வரும் கேட்டையோ வீட்டார்கூட உணர்வதில்லை.

நான் சொன்ன பூட்டுகள் மூளையின் சில பகுதிகளில் மிக நெருக்கமாக உள்ளன. புதியதை நினைவில் பதிக்கும் பகுதி, திட்டமிட்டுத் தன்னை அடக்கிக்கொள்ளும் முன்பகுதி, உடலின் அசைவை ஒழுங்கு செய்யும் பகுதி, அச்சம் முதலிய உணர்ச்சிகளை அறியும் பகுதி ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆகவே எங்கெங்கு பூட்டுகள் மிகுதியோ, அங்கங்கே கேடும் நேர்கிறது.

2017ஆம் ஆண்டில் இஸ்ரேலிலிருந்து வெளியான ஆய்வொன்றில், செயற்கைக் கஞ்சாவை உட்கொள்வோர், செடிக் கஞ்சாவை உட்கொள்வோர், இரண்டையும் தொடாதோர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் சில எளிய சோதனைகளை வைத்தனர். ஒன்றன்பின் ஒன்றாகக் குறிகளைக் காட்டி, இப்போது காட்டியது சற்று முன்னர் வந்ததுதானா என்று கேட்பது ஒரு சோதனை. சொற்களின் பட்டியலைப் படிக்கச் செய்து, எத்தனை நினைவில் நிற்கின்றன என்று பார்ப்பது மற்றொன்று. மூன்றாவது சோதனை விந்தையானது. 'சிவப்பு' என்னும் சொல்லை நீல மையால் எழுதிக் காட்டுவர். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைக் கூறவேண்டும். நாக்கு 'சிவப்பு' என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கி 'நீலம்' என்று சொல்ல வேண்டும். மனத்தை அடக்கும் வலிமையை அளக்கும் சோதனை அது.

இச்சோதனைகளில் செயற்கைப் பொருளை உட்கொண்டோரே மற்ற இரு பிரிவினரினும் பின்தங்கினர். மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டன. துருக்கி நாட்டு மருத்துவர்களும் தம் நோயாளிகளிடம் கவனம், நினைவு ஆகியவற்றில் இத்தகைய குறைகளைக் கண்டனர். இவ்வாறு உட்கொள்வோரில் பலர் வேறு போதைப்பொருள்களையும் நாடுபவர்கள். சிலருக்கு முன்னரே மனத்துயர் இருந்திருக்கலாம். ஆகவே குறை முழுவதற்கும் இது ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் ஆய்வுகள் சுட்டும் திசை ஒன்றே.

இக்குறை தோட்டத்தில் எவ்வாறு வெளிப்படும்? முதல் நிரையில் எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துபோகும். மங்கு துடைத்தோமா இல்லையா என்ற ஐயம் எழும். கத்தி ஆழமாகப் பாயும், மரம் காயப்படும், தண்டல் கண்டித்தால் பொங்கி எழத் தோன்றும். பால் வாளியுடன் மோட்டார் சைக்கிளில் வரும்போது, எதிரே வரும் லாரியின் தூரத்தைக் கணிக்கும் திறன் குறையும். சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவன் என்றும் நாம் ஏசுகிற இளைஞனின் மூளை உள்ளுக்குள் காயம்பட்டிருக்கக்கூடும்.

முகத்தை அறியும் ஆற்றல்

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முதுமொழி. வள்ளுவப் பெருந்தகை 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்களை அமைத்தார். அரசியலுக்கும் அது வேண்டும். காதல் வாழ்வுக்கும் அது வேண்டும் என்பதே அதன் பொருள். பிறர் வாய் திறக்குமுன் அவர் முகம் பேசுவதைப் படிக்கத் தெரியாதவன் வீட்டிலும் வாழ இயலாது. ஊரிலும் வாழ இயலாது.

இந்த ஆற்றலையும் மருத்துவர்கள் சோதிக்கின்றனர். மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறு உணர்ச்சிகளைக் காட்டும் முகப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது எவ்வுணர்ச்சி என்று கேட்பர். அமெரிக்க உளநூலார் பால் எக்மன் இத்தகைய படங்களைப் பயன்படுத்திப் புகழ் பெற்றவர். கஞ்சாவை அடிக்கடி உட்கொள்வோர் முகக் குறிப்பை அறிய அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் தவறாகப் படிப்பதும் இச்சோதனைகளில் காணப்பட்டன. அதே பூட்டை இன்னும் வலிமையாகத் திருப்பும் செயற்கைப் பொருளை நாடியோரிடம் இக்குறையைக் காண்பதில் வியப்பில்லை.

மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவே உள்ள ஒரு சிறு பகுதி, எதிரே இருப்பவர் முகத்தில் அச்சம் உள்ளதா, சினம் உள்ளதா என்று நொடிப்பொழுதில் நமக்கு உணர்த்துகிறது. போதை அதைக் குழப்பிவிட்டால், அழுகை கோபமாகத் தோன்றும். கவலை ஏளனமாகத் தோன்றும். சாதாரணப் பார்வைகூடப் பகையாகத் தோன்றும். அண்ணன் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டாலும் அதில் குத்தல் இருப்பதாக எண்ணத் தோன்றும். வீணான சண்டைகள் பல இவ்வாறு பிறக்கின்றன. சிலருக்கு, யாரோ தன்னைக் கொல்ல வருவதாகவும் காதில் குரல் கேட்பதாகவும் தோன்றும் மனக்கோளாறே வந்துவிடுவதுண்டு.

இதைவிடக் கொடிய இழப்பு வேறென்ன இருக்கிறது? பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். தாயின் முகத்தைப் பார்த்து அவள் துயரத்தை அறிய முடியாத பிள்ளை, ஒரே வீட்டில் இருந்தும் அநாதையாகி விடுகிறான்.

இளைஞர்களே, உங்களுக்குத் தனியே ஒன்று சொல்வேன். மனத்தை அடக்கவும் பின்விளைவை எண்ணவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இளங்கன்றின் பட்டையில் யாரும் கத்தி வைப்பதில்லை. மரம் முற்றும்வரை ஆண்டுக் கணக்கில் காத்திருக்கிறோம். ஒரு கன்றுக்குக் காட்டும் பொறுமையை உங்கள் மூளைக்கும் காட்டுங்கள். நண்பன் நீட்டினாலும் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

ஆபத்து வேளையில் செய்ய வேண்டுவன

இப்பொருளை உட்கொண்டவருக்கு நெஞ்சு படபடத்தல், ஓயாத வாந்தி, வலிப்பு, நெஞ்சுவலி, வெறித்தனம், நினைவிழத்தல் ஆகியவை நேரலாம். அவ்வேளையில் தாமதிக்காமல் 999 என்னும் எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காது. வாயில் மோரோ, தண்ணீரோ, எலுமிச்சைச் சாறோ ஊற்ற வேண்டாம். கட்டி வைக்கவோ அடிக்கவோ வேண்டாம். தனியே விட்டுச் செல்லவும் வேண்டாம். பொட்டலமோ வேப் கருவியோ அருகில் கிடந்தால், அதைக் கையோடு கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். இதை முறிக்கும் மாற்று மருந்து இல்லாமையால், உட்கொண்டது இன்னதென்று தெரிந்தால் சிகிச்சைக்குப் பெரிதும் உதவும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஆகவே மானத்துக்கு அஞ்சி உண்மையை மறைக்காதீர்கள்.

மீளும் வழி

பெற்றோர்களே, பிள்ளையிடம் மாற்றம் கண்டால் உடனே கைநீட்டாதீர்கள். உங்கள் முகத்தை அவன் தவறாகப் படிக்கும் காலம் அது. ஆகவே முகக் குறிப்பை நம்பாமல் வாயால் தெளிவாகச் சொல்லுங்கள். 'எனக்குக் கோபமில்லை அப்பா. பயமாக இருக்கிறது' என்று அமைதியான குரலில், சிறு சொற்களில் கூறுங்கள். போதை இறங்கிய வேளை பார்த்துப் பேசுங்கள்.

தினமும் உட்கொண்டவர் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, தலைவலி, உறக்கமின்மை, பதற்றம் ஆகியவை தோன்றும், வலிப்பும் வரக்கூடும். ஆகவே வீட்டில் பூட்டி வைத்துக் குணப்படுத்த முயலாமல், அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகங்களையும் நாடலாம். தாமாகவே முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி வைக்கப்பட்டது. பிடிபடும்வரை காத்திராமல் முன்கூட்டியே செல்வதுதான் அறிவுடைமை.

மீட்சி உண்டா என்று கேட்பீர்கள். செடிக் கஞ்சாவை நாள்தோறும் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், குறைந்துபோன அப்பூட்டுகள் ஏறக்குறைய நான்கு வாரம் விலகியிருந்த பின்னர்ப் பல பகுதிகளில் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. நினைவுப் பகுதி மட்டும் பின்தங்கியது. வலிமை மிகுந்த செயற்கைப் பொருளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. ஆயினும் மூளைக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் இயல்பு உண்டு என்பதற்கு இது சான்று. காயம்பட்ட பட்டையும் மீண்டும் வளர்கிறது அல்லவா? அதற்குக் காலம் வேண்டும்; அதுவரை கத்தி படாதிருக்க வேண்டும்.

நான் முதலிற் சொன்ன பிள்ளையைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். அவன் சிகிச்சைக்கு உடன்பட்டான். ஒருமுறை தவறி மீண்டும் பழக்கத்தில் வீழ்ந்தான். தாயார் மனந்தளராமல் மறுபடியும் அழைத்து வந்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர் தனியே என்னைக் காண வந்தார். "இன்னும் மறதி இருக்கிறது ஐயா, கடைக்கு அனுப்பினால் எழுதித்தான் கொடுக்கிறேன்," என்றார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்து, "நேற்றுக் கால்வலியோடு அடுப்படியில் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. இவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அம்மா, வலிக்கிறதா? உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னான்," என்றார்.

பெருமக்களே, இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அவர்களும் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். அப்பார்வைக்கு இடையே எந்தப் புகையும் வந்து நிற்க இடங்கொடாதீர்கள்.